தண்ணீரில் போட்ட படம்

என் தங்கை பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் அது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், கண் பாதி மூடிய சிரிப்பு. பல வருடங்களாக ஃப்ரேமுக்குள் கிடந்ததில் அங்கங்கே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டிய இடங்கள் எண்ணெய்த் திட்டு மாதிரி பளபளத்தன. எனக்கு அது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான், இதே மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அப்பாவின் பழைய படம் ஒன்றைக் கண்ணாடியோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, சில மணி நேரம் கழித்து ஒரு கீறல்கூட விழாமல் எடுத்திருந்தேன். லேபில் கழுவிய படத்தின் மேல்தோல் ஜெலட்டின். தண்ணீரில் அது ஊறி உப்பும், மெதுவாகக் கண்ணாடியை விட்டுவிடும். அந்தப் படம் பிறந்ததே தண்ணீர்த் தொட்டியில்தான்.

சரி, இதையும் அப்படியே செய்வோம் என்று ஒரு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அங்கியின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஓர் இழை கிளம்பி வளைந்து வளைந்து போனது. அதன் பின்னாலேயே ஒரு நீல இழை. கறுப்பு என்று நான் நினைத்திருந்தது நாலைந்து நிறங்களாகப் பிரிந்து ஓட ஆரம்பித்தது. பதறி வெளியே எடுத்தபோது கன்னத்தின் ஓரம் கலைந்திருந்தது. தட்டில் தூரிகை கழுவிய தண்ணீர் மாதிரி ஊதாவும் சாம்பலுமாக மிச்சம்.

பின்னால் வந்து நின்ற அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஃபைல் இருக்குமே, இன்னொண்ணு பிரிண்ட் போட்டுக்கோ” என்றார்.

ஃபைல் ஒரு சி.டி.யில் இருந்தது. கம்ப்யூட்டர் அந்த சி.டி.யை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. வீட்டில் எழுதும் சி.டி.க்களில் தகவல் பதிவாவதும் ஒரு சாயப் படலத்தில்தான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிய வந்தது. சாயம் வெளுத்துப்போச்சு என்று பேச்சுக்குச் சொல்வோமே, என் காப்பு ஏற்பாட்டுக்கு அது எழுத்துக்கு எழுத்து நடந்துவிட்டது.

அப்பாவின் படமும் தங்கையின் படமும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. இரண்டையும் நான் போட்டோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று ரசாயனத்தில் கழுவிய ஜெலட்டின், மற்றது தாளில் தெளித்த சாயம். ஒன்றுக்கு மருந்தாக இருந்தது மற்றதற்கு விஷமாகிவிட்டது. அன்று மாலையே வீட்டிலிருந்த படப் பெட்டியை மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடிக்காமல் இனி எதன் மேலும் கை வைப்பதில்லை என்று முடிவு.

கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கோடு வரும் 60 மடங்கு பெருக்கும் ஒரு சின்னப் பாக்கெட் மைக்ராஸ்கோப், 10 மடங்கு பெருக்கும் ஒரு பூதக்கண்ணாடி, சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச். பெருக்கம் அதிகமானால் அதிகமாகத் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் 10 மடங்கிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. எங்கே பார்ப்பது என்பதுதான் முக்கியம். இருட்டான பகுதியில் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். வெளிறிய இடங்களைப் பார்க்க வேண்டும்: வெள்ளைச் சட்டையின் மடிப்பு, வானம், கன்னத்தில் வெளிச்சம் விழும் இடம், பின்னால் இருக்கும் சுவர்.

முதலில் எடுத்தது அந்தத் தண்ணீரில் விழுந்த படத்தைத்தான். பாதிக்கப்படாத மூலையில், சுவரின் வெளிர் மஞ்சளில், மிளகுப் பொடி தூவினாற்போலப் புள்ளிகள். வரிசையும் இல்லை, கணக்கும் இல்லை. அதுதான் மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் இன்க்ஜெட் பிரிண்டரின் கையெழுத்து. பிரிண்டர் மென்பொருள் நிறத்தின் அடர்த்திக்குத் தக்கபடி புள்ளிகளை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் இறைக்கிறது, கண்ணுக்கு ஒரு வடிவம் தட்டுப்படக் கூடாதே என்று. இப்போதைய போட்டோ பிரிண்டர்களில் ஒரு துளி 1.5 முதல் 4 பிக்கோலிட்டர் வரைதான் இருக்கும். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் வருவது ஒரு பிக்கோலிட்டர். அதோடு வெளிர் சியான் (பச்சை கலந்த நீலம்), வெளிர் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) என்று தனி மைகளும் சேர்ந்துவிட்டதால், புதுப் படங்களில் கன்னத்துப் புள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு அடையாளம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து அடித்தபோது, ஒரு படத்தின் மேல் குண்டூசியால் குத்தினாற்போல் ஒரே கோட்டில் பொட்டுப்பொட்டாகத் தடம். ஏதோ பூச்சி நடந்த மாதிரி. பிரிண்டருக்குள் தாளை இழுத்து வெளியே விடும் பல்சக்கரங்கள் ஈர மையின் மேல் உருண்ட தடம் அது.

அடுத்து லேப் படங்கள். இவற்றில் புள்ளியே இல்லை. எவ்வளவு பெருக்கினாலும் நிறங்கள் மேகம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 1990-களின் நடுவிலிருந்து லேப்கள் நெகட்டிவை ஸ்கேன் செய்து, அந்த ஃபைலை லேசராலோ எல்.இ.டி. விளக்காலோ அதே பழைய ஒளியுணர் தாளில் எழுதி, அதே பழைய ரசாயனத்தில் கழுவத் தொடங்கின. டிஜிட்டல் கேமரா வந்த பிறகும் பல லேப்களில் கதை இதுதான். ஆக, படம் டிஜிட்டல், அச்சு ஈரம். திருப்பிப் பார்த்தால் தாள் கம்பெனியின் பெயர் சாய்வாக, வெளிர் சாம்பலில் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் பல சமயம் பொடி எழுத்தில் படத்தின் வரிசை எண்ணும் நிறத் திருத்த எண்களும் ஒரு வரியாக இருக்கும். அந்த வரி மினிலேப், அதாவது லேபில் படத்தை அச்சிட்டுக் கழுவும் எந்திரம் அடித்தது. பின்பக்கம் பார்க்காமல் படத்தை அட்டையில் ஒட்டுகிறவர்கள் பாதிச் சாட்சியைப் புதைத்துவிடுகிறார்கள்.

லேப் படத்தோடு எளிதில் குழம்பக்கூடியது டை-சப்ளிமேஷன். நிகழ்ச்சிகளில் அங்கேயே எடுத்து அங்கேயே கையில் கொடுப்பார்களே, பெரும்பாலும் அதுதான். சாயம் பூசிய ரிப்பனைச் சூடான தலை அழுத்த, மஞ்சள், மெஜந்தா, சியான் என்று ஒவ்வொன்றாகத் தாளுக்குள் ஊடுருவும். கடைசியில் மேலே ஒரு காப்புப் படலம். சூட்டைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள் வரை கொண்டுவர முடியும். அதனால் இதிலும் புள்ளி கிடையாது. ஆனால் கோடுகளின் ஓரம் கொஞ்சம் மசமசவென்று இருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன பிரிண்டர் என்றால் தாளின் இரு முனையிலும் கிழித்து எடுத்த பல்பல்லான ஓரம் தெரியும். போகிற போக்கில் ஒன்று: பயன்படுத்திய ரிப்பனை விரித்துப் பிடித்தால் அச்சடித்த ஒவ்வொரு படமும் அதில் நெகட்டிவாக இருக்கும். குப்பையில் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் வருவது டோனர், அதாவது நிறமி கலந்த பிளாஸ்டிக் தூள். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் 1938 அக்டோபர் 22 அன்று கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டி, “10-22-38 அஸ்டோரியா” என்று நாளையும் இடத்தையும் குறிக்கும் எழுத்துகளைத் தூளில் வரவைத்தார்களே, அதன் வாரிசு. தூளைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுவதால் எழுத்து லேசாக மேடாக இருக்கும், சாய்வு வெளிச்சத்தில் மினுங்கும். வெள்ளைப் பகுதியில் வழி தவறிய துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். மடித்தால் மடிப்பில் உதிரும். ஆர்டர் செய்து வாங்கும் போட்டோ புத்தகங்களில் பலவும் இந்த வகைதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தாளுக்குள்ளேயே நிறப் படிகங்களை வைத்து, மையோ ரிப்பனோ இல்லாமல் வெறும் சூட்டால் படம் வரவைக்கும் பாக்கெட் பிரிண்டர் படங்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சூட்டில் பிறந்தவை, சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

பெட்டியை முடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஓவிய அச்சின் மேல் கண்ணாடியை வைத்தேன். வைக்காமலே இருந்திருக்கலாம். ஓவியரே மேற்பார்த்து அச்சிட்டது, ஜிக்லே (அதாவது இன்க்ஜெட்டில் எடுத்த ஓவிய அச்சு), இத்தனை பிரதிதான் என்று சொல்லி விற்றிருந்தார்கள். கீழே பென்சிலில் எண்ணும் கையெழுத்தும். நல்ல காகிதம்தான். ஆனால் 10 மடங்கிலேயே தெரிந்தது: நான்கு நிறப் புள்ளிகள் கணக்காக வரிசை கட்டி, குட்டிக் குட்டி ரோஜாப் பூக்களாக வட்டம் போட்டிருந்தன. அது ஆஃப்செட் அச்சு. பத்திரிகையும் நாட்காட்டியும் அச்சாகும் அதே முறை. ஆஃப்செட் ஒன்றும் மட்டம் இல்லை, அதில் போகிற மை நிறமி மைதான். சொன்னது வேறு, கொடுத்தது வேறு என்பதுதான் எனக்குக் கடுப்பு.

இந்த ஜிக்லே என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 1980-களில் ஐரிஸ் என்று ஓர் இன்க்ஜெட் எந்திரம் வந்தது. வேகமாகச் சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, அதன் மேல் மையை இடைவிடாத தாரையாகப் பீய்ச்சும். வேண்டாத துளிகளை மின்புலம் ஓரமாகத் தள்ளிவிடும். அச்சகங்களில் பெரிய அச்சுக்கு முன் நிறம் சரியா என்று பார்க்க மாதிரி எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. பாடகரும் புகைப்படக்காரருமான கிரஹாம் நாஷ் தன் படங்களை அதில் அச்சிட விரும்பி, மாக் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே வேலை பார்த்த ஜாக் டுகேன் 1991-இல், இன்க்ஜெட் என்று சொன்னால் கலைக்கூடங்களில் மதிப்பு இருக்காது என்று, பீய்ச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஜிக்லே என்ற பெயரை உண்டாக்கினார். நாஷின் ஐரிஸ் எந்திரம் இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போனது சரி, அதில் வந்த ஆரம்பகாலப் படங்களின் நிலைமைதான் பரிதாபம். மாதிரி அச்சுக்கு எதற்கு ஆயுள்? அதனால் அந்த மைகள் நிலைத்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவையே இல்லை. வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தன, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரைந்தன. எனவே ஜிக்லே என்று எழுதியிருந்தால் அது இன்க்ஜெட் என்று மட்டும்தான் அர்த்தம், அதுவும் விற்றவர் உண்மை பேசியிருந்தால். எந்த மை, எந்தத் தாள் என்று தெரியாதவரை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மை, தாள். இன்க்ஜெட்டில் ஆயுள் முழுவதும் இந்த இரண்டின் சேர்க்கையில் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மையில் இரண்டு சாதி. சாய மையில் நிறம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும், சர்க்கரை கரைந்த மாதிரி. நிறமி மையில் நிறம் நுண்ணிய துகளாக மிதக்கும், சேறு கலந்த மாதிரி. சாயம் தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். நிறமி பெரும்பாலும் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தாளின் பூச்சிலும் இரண்டு வகை. ஒன்று உப்பும் பாலிமர்: ஜெலட்டின் போன்ற பொருள், ஈர மை பட்டதும் உப்பி, அதை உள்ளே வாங்கி, காய்ந்ததும் மூடிக்கொள்ளும். இன்னொன்று நுண்துளைப் பூச்சு: சிலிகா, அலுமினா துகள்களால் ஆன கடற்பஞ்சு மாதிரி. மை விழுந்த நொடியில் உறிஞ்சிவிடும். அட்டைப்பெட்டியில் ‘உடனே காயும்’ என்று போட்டிருந்தால் அது இதுதான்.

பாலிமர் தாள் மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் சாயத்தைக் காற்று எளிதில் தொடாது. ஆனால் ஈரம் பட்டால் மறுபடி திறந்துகொள்ளும். என் தங்கையின் படம் கண்ணாடியில் ஒட்டியதும் அதனால்தான், தட்டில் கரைந்து ஓடியதும் அதனால்தான். நுண்துளைத் தாள் நேர்மாறு. தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதன் துளைகள் எப்போதும் திறந்தே இருக்கும். மை போன வழியில் காற்றும் போகும்.

காற்று என்றால் குறிப்பாக ஓசோன். 2000-இல் வீட்டுக்கான ஒரு போட்டோ பிரிண்டர் வந்தபோது இது பெரிய பஞ்சாயத்தானது. படம் பல வருடம் நிலைக்கும் என்று நம்பி வாங்கியவர்கள், சுவரில் ஒட்டிய படம் சில வாரங்களில் ஆரஞ்சாக மாறுகிறதே என்று புலம்பினார்கள். நீண்ட ஆயுள் சொன்ன சோதனைகள் வெளிச்சத்தைத்தான் முக்கியமாகப் பார்த்திருந்தன. குற்றவாளியோ காற்று. ஓசோன் துளைகள் வழியாகப் போய் சியான் சாயத்தைத் தின்றது. சியான் போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு. அதே படம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் இந்தக் கதி வேகமாக வராது. என் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. அலமாரிக் கதவில் செருகி வைத்திருந்த படம். மேலே வேறு படம் மூடியிருந்த மூலையில் வானம் இன்னும் நீலம், மற்ற இடமெல்லாம் மாலை நேரம் மாதிரி. எடுத்தது காலையில்.

ஓசோன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. அயனி விடும் சில காற்றுச் சுத்திகரிப்பான்களும், பழைய ஜெராக்ஸ், லேசர் எந்திரங்களும் அதைக் கொஞ்சம் உண்டாக்கும். இன்க்ஜெட் படங்களை அவற்றுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம்.

அப்படியானால் நிறமி மையே நல்லதா என்றால், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் அது எவ்வளவோ தேவலை. ஓவிய அச்சுகள் இப்போது பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. ஆனால் மேலே உட்கார்ந்திருப்பதால் உரசினால் போய்விடும். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அடித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை உறையிலிருந்து இழுத்தபோது என் நகம் லேசாகப் பட்டது. வெல்வெட் மாதிரி இருந்த கறுப்பில் முடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. இனி அது அங்கேயேதான் இருக்கும். நிறமிப் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நடுவிலிருந்து உருவக் கூடாது. இடையில் வழவழப்பான காகிதம் வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். பளபளப்பான தாளில் நிறமி மையை அடையாளம் காண டார்ச்சைச் சாய்த்தால் போதும். இருட்டுப் பகுதிகளில் வெண்கலம் மாதிரி ஒரு மினுக்கம் வரும், வெள்ளைப் பகுதியின் பளபளப்பு தனியாகத் தெரியும். சாய மையில் மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும்.

டார்ச் என்றதும் புறஊதா டார்ச்சையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் பின்பக்கத்தில் அடித்தால் சில தாள்கள் பளீர் நீலமாக ஒளிரும். வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வெண்மையூட்டிகள் அவை, சலவைத் தூளில் இருக்கிற அதே வித்தை. வருடங்கள் போகப் போக அவை செயலிழந்து தாள் மஞ்சளித்த மாதிரி ஆகும். ஓவிய அச்சு வாங்கும்போது வெண்மையூட்டி இல்லாத பருத்திக் காகிதம் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

*

சரி, அடையாளம் கண்டாயிற்று, எங்கே வைப்பது?

வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு போதும். மங்கக்கூடிய படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் அளவு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நேர் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். ஒரு மணி நேர வெயிலில் விழும் வெளிச்சம் 50 லக்ஸில் 2,000 மணி நேரம், அதாவது நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 250 நாள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தினமும் அரை மணி நேரம் வெயில் பட்டைக் கோடு விழுகிறதென்றால், உங்கள் படம் காலத்தை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி உதவும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வெளுக்க வைக்கும். கண்ணாடிக்காரர் சொல்வதை முழுக்க நம்பிவிட வேண்டாம்.

வெப்பமும் ஈரமும் அடுத்தது. 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் என்பது காப்பகங்களில் வழக்கமாகச் சொல்வது. வீட்டில் அது பலருக்கும் கனவு. நடைமுறையில் பரண் வேண்டாம் (சூடு), வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு வேண்டாம் (ஈரம்), வீட்டுக்குள்ளிருக்கும் ஓர் அறையின் நடு அலமாரி போதும். லேப் படங்களுக்கு ஒரு விசேஷம்: அவற்றின் சாயங்கள் இருட்டிலும் மெல்ல மங்கும், வெள்ளை மெல்ல மஞ்சளாகும். குளிர்ச்சிதான் அதை முக்கியமாக மெதுவாக்கும்.

உறைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஜெராக்ஸ் காகிதத்தைப் பிளாஸ்டிக் ஃபைலில் வைத்து, சில மாதம் கழித்து எடுத்தால் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வருமே, எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பிளாஸ்டிக் பி.வி.சி. அதை நெகிழ்வாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து டோனரை இளக்கிவிடுகிறது. டை-சப்ளிமேஷன் படத்திலும் அதே எண்ணெய் சாயத்தை வெளியே இழுக்கும். முகம் உறையில் கண்ணாடிப் பிம்பமாகப் படிந்திருப்பதை நானே பார்த்தேன். புது ஃபைலைத் திறந்ததும் குப்பென்று வாசனை வந்தால், அல்லது முக்கோண முத்திரைக்குள் 3 என்று இருந்தால், அதில் படம் வைக்காதீர்கள். பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் பரவாயில்லை. பக்கத்தில் பசைக் கோடு போட்டு மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் எந்தப் படத்துக்கும் ஆகாது. அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

‘அமிலம் அற்றது’ என்ற முத்திரையை மட்டும் பார்த்து வாங்குவதும் போதாது. காகிதமும் பசையும் படத்தோடு ஒட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கத் தனியாக ஒரு தேர்வே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 18916. வெள்ளி உப்பு பூசிய ஒளியுணர் தாளில் வந்த படங்களை மனதில் வைத்து உருவானதுதான் என்றாலும், அதில் தேறியது என்று போட்டிருக்கும் உறை மற்றதைவிட நம்பத் தகுந்தது. இந்த மாதிரி விஷயங்களை எல்லாம் சலிக்காமல் சோதித்துப் பார்க்கும் இடங்களில் முக்கியமானது நியூயார்க் மாநிலம் ராசெஸ்டரில் 1985-இல் தொடங்கிய இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட். டிஜிட்டல் அச்சுகளுக்கு என்றே பெரிய ஆய்வுத் திட்டம் நடத்தியவர்கள்.

புதிதாக அச்சிட்ட இன்க்ஜெட் படத்தை அன்றே ஃப்ரேம் போடாதீர்கள். மையில் இருக்கும் கிளைக்கால் என்ற மெதுவாகக் காயும் திரவம் ஆவியாக வெளியேறிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரி படியும். மேலே சாதாரணக் காகிதத்தை விரித்து ஒரு நாளாவது விடுங்கள். காகிதம் அலையலையாக நெளிந்தால் அது ஆவியைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். மாற்றிவிட்டு இன்னும் ஒரு நாள். அப்புறம், படம் கண்ணாடியைத் தொடாமல் இருக்க நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இடைவெளியே வேண்டாம் என்று படத்தின் முகத்தையே கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் பலகையில் ஒட்டிவிடும் முறையும் உண்டு. பார்க்க அபாரமாக இருக்கும், நிறம் ஆழத்திலிருந்து எழுந்து வரும். ஜெர்மன் புகைப்படக்காரர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ அப்படிப்பட்டது. 1999-இல் எடுத்த ஆற்றுக் காட்சியில் எதிர்க்கரைக் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டு, ரசாயனத்தில் கழுவிய வண்ணப் படமாக அச்சிட்டு, அக்ரிலிக்கில் பதித்தார். 2011-இல் ஓர் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. இதில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. பலகையில் கீறல் விழுந்தால் படத்தில் கீறல் விழுந்ததற்குச் சமம். பலகையும் தாளும் சாயமும் ஒரே உடம்பாகிவிடுகின்றன.

தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்கு இப்போது அனுபவ அறிவு உண்டு. லேப் படம் நனைந்தால் காயவிட்டு ஒட்டவைத்துக்கொள்வதைவிட, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒன்றையொன்று தொடாமல் முகம் மேலே பார்க்கக் காயவைக்க வேண்டும். ஆனால் நாள் கணக்கில் ஊறவிட்டால் ஜெலட்டினே கழன்றுவிடும். இன்க்ஜெட் படத்தை எக்காரணம் கொண்டும் ஊறவைக்காதீர்கள், மேலே துணியை வைத்து ஒற்றவும் கூடாது. தட்டையாகப் பரப்பி அப்படியே விடுவதுதான் வைத்தியம். நிறமி மை பெரும்பாலும் தப்பிக்கும், ஈரமாக இருக்கும்போது தொடாமல் இருந்தால். டை-சப்ளிமேஷனைக் காப்புப் படலம் காப்பாற்றும். டோனர் பிளாஸ்டிக் என்பதால் கரையாது, தாள்தான் ஊதி நெளியும். நனைந்த கட்டு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கமும் புள்ளியும்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபைல்தான் இருக்கிறதே என்ற அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஃபைலை மூன்று இடத்தில் வைக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் அதே ஃபைலை இன்று அச்சிட்டால் வேறு மை, வேறு தாள், வேறு வெள்ளை. அன்றைய படத்தின் பின்னால் பாட்டி பேனாவால் எழுதிய தேதி இருக்காது. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் ஒவ்வொரு பிரதியோடும் எந்த பிரிண்டர், எந்த மை, எந்தத் தாள், எந்த நாள் என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் போதும். 30 வருடம் கழித்து யாரோ ஒருவர் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இப்போது என் பெட்டியில் ஒவ்வொரு படமும் தனி உறையில் இருக்கிறது. படத்தை உறையில் போட்ட பிறகு எழுதினால் அழுத்தம் படத்தில் பதியும் என்பதால், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே காகித உறையில் பென்சிலால் குறிப்பு எழுதிவிடுகிறேன். கரைந்துபோன படத்தையும் காயவைத்து, ஸ்கேன் செய்து, அதற்கும் ஓர் உறை போட்டேன். மேலே எழுதினேன்: “இன்க்ஜெட், சாய மை, பாலிமர் தாள். தண்ணீர் ஆகாது.”

போன வாரம் தங்கை வந்திருந்தாள். பெட்டியைக் கிளறி அந்த உறையை எடுத்தாள், படத்தை நெடுநேரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தாள். அவள் ஊருக்குப் போன பிறகுதான் கவனித்தேன். என் எழுத்துக்குக் கீழே, அதே பென்சிலால், “அண்ணனும் ஆகாது.”